மூன்று சிவப்பு வால்களும் ஒரு கான் தண்ணீரும்

எனக்குக் கோபத்தைக் கிளப்ப இரண்டு சொற்கள் போதும். "மன்னாரில சரிவராது." மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்து, பேசாலையிலேயே கலியாணம் முடித்து, நாற்பத்தாறு வயதாகிவிட்டது, இந்த இரண்டு சொற்களைக் கேட்காத வருசம் ஒன்று கிடையாது. றோசாக் கன்று நட்டேன், சரிவராது என்றார்கள். கரட் விதை போட்டேன், சரிவராது என்றார்கள். தையல் கடை திறக்கப் போகிறேன் என்றேன், அதுவும் சரிவராதாம். றோசாவும் கரட்டும் உண்மையிலேயே பட்டுப்போயின, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தையல் கடை பதினைந்து வருசமாய் ஓடுகிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப்பேரின் வெள்ளைச் சட்டை என் கையால் வெட்டியதுதான்.

ஆகவே, வெள்ளவத்தையில் கப்பி மீன் வளர்த்து விற்கிற கபிலன் என்ற தம்பி தொலைபேசியில் அதே இரண்டு சொற்களைச் சொன்னபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் கொழும்பில் இருந்தபடியால் தப்பினார்.

கப்பி என்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். பெட்டை சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை. ஆண்தான் அழகு. மகள் ஜெனிஸ்ரா ஒருநாள் தன் போனில் ஒன்றைக் காட்டினாள். தலையிலிருந்து வால் வரை இரத்தச் சிவப்பு. உடம்பை விட வால் பெரிது. மற்றவர்களுக்கு அது ஒரு வடிவான மீன். எனக்குத் தெரிந்தது வெட்டு. முக்கோணமாய் விரிந்து, இரண்டு ஓரமும் அளவெடுத்த மாதிரிச் சமமாய், கரையில் ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது. இதை யார் வெட்டினது, மாதாவே, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே கபிலனின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன்.

"எங்க இருந்து கதைக்கிறீங்கள் அக்கா?"

"பேசாலையில இருந்து."

"மன்னாரோ? குறை நினைக்காதேங்கோ. கப்பி மன்னாரில சரிவராது. உங்கட பக்கம் மூண்டு பேருக்குக் குடுத்தனான். மூண்டு பேற்றயும் ஒரு மாதத்துக்குள்ள செத்துப்போச்சு. அந்த உவர்த் தண்ணிக்கு இந்த மீன் தாங்காது."

"தம்பி, நீங்கள் மீனை அனுப்புங்கோ. தாங்கிறதும் தாங்காததும் என்ர பாடு."

இரண்டு ஆண், மூன்று பெட்டை. பஸ்ஸில் வந்து இறங்கின. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில், என் மனுசன் பஸ்ரியன் வலை போட்டு வைக்கிற மூலைக்கு எதிர் மூலையில், ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தேன். பஸ்ரியன் கடல்காரர். விடிய நாலு மணிக்கு வள்ளம் தள்ளுகிறவர். அவர் குனிந்து நின்று ஐந்து மீனையும் நெடுநேரம் பார்த்தார்.

"பொரிக்கவும் ஏலாது, குழம்பு வைக்கவும் ஏலாது. பிறகென்ன மீன் இது?" என்றார்.

"பாக்கிற மீன்."

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே."

அவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்த முட்டாள்வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் கிணற்றுத் தண்ணீர் குளிக்க, கழுவ, உடுப்பு ஊறப்போட. குடிக்கிறது உப்பை வடித்தெடுத்த பில்டர் தண்ணீர். சந்தியில் பிளாஸ்ரிக் கானில் நிரப்பிக்கொண்டு வருவோம். வீட்டுக்கு யாரும் வந்தால் பில்டர் தண்ணீர்தான் கொடுப்போம். வந்த ஆளுக்குக் கிணற்றுத் தண்ணீரை நீட்டினால் அந்த ஆள் பிறகு அந்தப் படலையைத் திறக்காது. இது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, கை தானாகவே அந்தக் கானுக்குப் போகும். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த மீனுக்கு நான் என்ன தண்ணீர் கொடுத்திருப்பேன்? இரண்டு கான் பில்டர் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் ஊற்றினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே தாகம் எடுத்தது.

மூன்றாம் நாள் ஆண் மீன்கள் வாலை மடித்துக்கொண்டன. குடை மடித்த மாதிரி. பிறகு ஓரிடத்திலேயே நின்று நடுங்கத் தொடங்கின. நான் தண்ணீர் அழுக்காகிவிட்டதாக்கும் என்று நினைத்து இன்னும் பில்டர் தண்ணீர் மாற்றினேன். ஒவ்வொரு நாளும் மாற்றினேன். பாவி, கையாலேயே கொன்றேன். பன்னிரண்டு நாளில் நாலு மீன் போய்விட்டன. ஐந்தாவது, ஒரு பெட்டை, பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. நான் தையல் மெசினில் தலையை வைத்து அழுதேன். மீனுக்கு மட்டும் அழவில்லை. கபிலன் சொன்னது சரியாய்ப் போய்விட்டதே என்ற ஆத்திரத்துக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

எழும்பிக் கொட்டிலுக்குப் போனபோது தொட்டி வெறுமையாய் இருந்தது.

"அந்தப் பெட்டை எங்க?"

"கிணத்தடித் தொட்டிக்குள்ள விட்டனான்," என்றார் பஸ்ரியன்.

"கால் கழுவிற தொட்டிக்குள்ளயோ! உயிரோட கிடந்ததையோ! மீன் பிடிக்கிற மனுசனுக்குச் செத்த மீனும் சாகாத மீனும் தெரியாதோ?"

"தெரிஞ்சபடியால்தான் விட்டனான். உன்ர கண்ணுக்கு முன்னால கிடந்து சாகவேண்டாமெண்டு."

ஆனாலும் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

கிணற்றடித் தொட்டி என்றால் பாசி பிடித்த சீமெந்துத் தொட்டி. அந்தப் பக்கம் போகவே எனக்கு மனமில்லை. பத்து நாள் கழித்துப் புதுத் தவணைக்குச் சட்டைத் துணி வந்தது. வெட்டுவதற்கு முன்னர் துணியை ஒருதரம் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். வாளியைத் தொட்டிக்குள் அமிழ்த்தப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாசிக்குள் ஏதோ ஓடியது. ஒரு கோடும் இரண்டு கண்ணும். இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம். கப்பி முட்டை இடுகிற மீன் இல்லை, குட்டி போடுகிற மீன். எண்ணினேன். இருபத்துமூன்று. நடுவில் தாய்க்காரி, செத்துப்போனாள் என்று நான் ஒப்பாரி வைத்தவள், வாலை விரித்துக்கொண்டு மகாராணி மாதிரித் திரிந்தாள்.

தண்ணீரைக் கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

உடனே கபிலனிடம் அந்த மூன்று பேரின் இலக்கங்களையும் வாங்கினேன். ஏன் என்று சொல்லவில்லை. முதலில் எருக்கலம்பிட்டியில் இருக்கிற றிஸானாவுக்குப் போன் எடுத்தேன். மீனுக்கு என்ன தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"பில்டர் தண்ணிதான். பின்ன, கொழும்பில இருந்து வந்த மீனுக்குக் கிணத்துத் தண்ணியே விடுறது?" என்றா.

மற்ற இரண்டு பேரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் தண்ணீர் ஒரு மீனையும் கொல்லவில்லை. எங்கள் உபசாரம்தான் எல்லாவற்றையும் கொன்றது.

கபிலனுக்குத் திரும்ப எடுத்தேன். "தம்பி, கொழும்பில வருசா வருசம் கப்பிப் போட்டி வைக்கிறனீங்கள் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம் அக்கா. இந்த வருசம் ஜனவரியிலயே முடிஞ்சுது. வாற வருசம் ஓகஸ்ட்டில. பாக்க வாங்கோவன்."

"பாக்க இல்ல. மீன் வைக்க."

அவர் சிரித்தார். மரியாதையாய்த்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒன்றரை வருசம் காதுக்குள் வைத்திருந்தேன்.

அந்த ஒரு பெட்டையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கப்பிப் பெட்டைக்கு ஒருதரம் ஆண் சேர்ந்தால் போதும், மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். அவள் நாலு தரம் போட்டாள். குட்டி பிறந்த உடனே தாயைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளே தின்றுவிடுவாள். ஒரு மாதத்தில் ஆணையும் பெட்டையையும் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எது எதோடு சேர்ந்தது என்று பிறகு தெரியாது. கொட்டிலில் ஒரு தொட்டி மூன்றாகி, மூன்று பதினொன்றாகியது. எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீர். சாப்பாட்டுக்குக் கூனி இறாலைக் காயவைத்து இடித்து மாவாக்கிப் போட்டேன். அதைத் தின்னத் தின்ன சிவப்பு ஏறியது. கொழும்பிலிருந்து வந்தபோது இருந்த சிவப்பெல்லாம் ஒரு சிவப்பா!

மூன்று ஆண் மீன்களை ஒரே அச்சில் கொண்டுவந்து வைக்கிற பிரிவு ஒன்று அந்தப் போட்டியில் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடினமாம். ஒரு வடிவான மீன் யாருக்கும் அகப்படும். மூன்றும் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே வால் என்றால் ஆட்கள் விலகி ஓடுவார்கள். நான் ஓடவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சட்டை தைத்துக் கொடுக்கிறவளுக்கு மூன்று மீன் பெரிய காரியமா? ஒவ்வொரு சந்ததியிலும் வால் ஓரம் பிசகினவை, முதுகு வளைந்தவை, ஒரு பக்கம் இறக்கம் மறுபக்கம் ஏற்றம் உள்ளவை எல்லாவற்றையும் பிரித்தேன். அவை தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பியைத் தின்பதற்காக அயலட்டைக் கிணறுகளுக்குப் போயின. நாலாம் சந்ததியில் ஒரு தொட்டிக்குள் எட்டு ஆண்கள் வளர்ந்தன. ஒருநாள் காலை, அளவுநாடா கழுத்தில் தொங்க, அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றிலும் பிழை பிடிக்க முடியவில்லை. எனக்குப் பிழை பிடிக்க முடியாமல் போனது வாழ்க்கையில் அது முதல் தடவை.

அதே மாதம்தான் பஸ்ரியனின் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வந்தது.

"இஞ்ச பார். எஞ்சின் வெளியில கிடந்தா உப்புக் காத்தில துருப்பிடிச்சுப் போகும்," என்றார். "கொட்டில் எனக்கு வேணும்."

"பதினொரு தொட்டியையும் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? வெய்யிலுக்குள்ளயோ? அவிஞ்சு செத்துப்போகுங்கள்."

நியாயமான மனுசன், அதைச் சொல்லத்தான் வேண்டும். "சரி. போட்டிக்குப் போ. முதலாவதா வந்தா கொட்டில் உனக்கு, நான் வாயே திறக்கமாட்டன். வராட்டி, மீனெல்லாம் கிணறுகளுக்கு. சரியோ?"

"சரி," என்றேன். சொல்லிவிட்டுப் போய்த் தொட்டிகளைப் பார்த்தேன். நாலு சந்ததி. ஒரு கால் கழுவுகிற தொட்டியிலிருந்து நான் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுத்த வெட்டு. கிணறுகளுக்குப் போய்க் கலந்தால் ஆறு மாதத்தில் சாம்பல் மீனாகிவிடும்.

புறப்பட்ட அன்று காலையில் பார்த்தால், பஸ்ரியன் கடலுக்குக் கொண்டுபோகிற நீலக் கானைக் கிணற்றடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். இருபது லீற்றர்.

"உதேன்?"

"கடலுக்குப் போறவன் வீட்டுத் தண்ணி இல்லாமப் போறதில்ல."

"கொழும்பு என்ன கடலே? அங்க தண்ணி இல்லையே?"

"உன்ர ஆக்கள் குடிக்கிற தண்ணி அங்க இல்லைத்தானே," என்று மூடியை இறுக்கி, வலை நூலால் சுற்றிக் கட்டினார்.

நான் நினைத்தும் பார்க்காததை அவர் நினைத்திருந்தார். மீன்களைப் பொலித்தீன் பைகளில் கட்டி, அவர் ஐஸ் போட்டுப் பாரை மீன் ஏற்றுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கினோம். மூன்று ஆண், வழியில் ஏதும் நடந்தால் என்று இன்னும் ஒன்று, கூடவே அகன்ற வாய்ப் போத்தில் ஒன்றில் ஒரு வயிற்றுக்காரிப் பெட்டை. பெட்டையைப் பக்கத்தில் காட்டினால் ஆண்கள் வாலை விரித்து ஆடும். இதில் மீனுக்கும் மனுசருக்கும் வித்தியாசமில்லை. பஸ் முழுக்கப் பகிடிதான். மன்னாருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், மன்னாரிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிற ஆட்களை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றான் கொண்டக்டர். கான் கசிந்து பஸ்ரியனின் சாரம் நனைந்தது. மனுசன் அசையவில்லை. அன்றிரவு கொட்டாஞ்சேனையில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை போட்டி மண்டபத்துக்குப் போனோம்.

உள்ளே போனதும் எனக்குக் கால் கூசியது. குளிரூட்டிய மண்டபம். நீண்ட மேசைகள், வெள்ளை வெளிச்சம், ஒரே அளவான கண்ணாடித் தொட்டிகள் வரிசையாய். ஒவ்வொன்றிலும் தண்ணீர் முன்னமே நிரப்பி வைத்திருந்தார்கள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு தெளிவு. ஒரே மாதிரி ரீசேட் போட்ட பொடியன்கள், இங்கிலிஷும் சிங்களமும். பத்தொன்பதாம் இலக்க மேசை எனக்கு. கபிலன் வந்தார். போனில் கேட்ட குரலை விட இளம் ஆள், தங்கமான முகம். அதுவும் எனக்கு ஆத்திரமாய் இருந்தது.

"வாங்கோ அக்கா, உண்மையாவே வந்திட்டீங்கள்! தொட்டியில தண்ணி ரெடி. விருப்பமெண்டா உங்கட தண்ணியையும் பாவிக்கலாம், சட்டத்தில தடையில்ல." அவருடைய கண் பஸ்ரியனின் தோளில் இருந்த கானுக்குப் போனது. "அதென்ன, கொண்டுவந்தனீங்களோ?"

நான் கானைப் பார்த்தேன். நீலம் வெளுத்து, வலை நூல் சுற்றி, மீன் செதில் ஒன்று பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. உள்ளே இருக்கிற தண்ணீர் இலேசாய் மஞ்சள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு ஆட்களுக்கு முன்னால் அதை ஊற்றுவதா?

"இல்லைத் தம்பி," என்றேன். "அது இவர் கைகால் கழுவக் கொண்டுவந்தவர்."

இராயப்பர் ஆண்டவரை மறுதலித்த மாதிரி நான் என் கிணற்றை மறுதலித்தேன். பஸ்ரியன் என்னை ஒருதரம் பார்த்தார். கானை இறக்கி மேசைக்குக் கீழே வைத்தார்.

மூன்று மீனையும் அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குள் விட்டேன். கால் மணித்தியாலம் போகவில்லை. நடுவில் நின்றது முதலில் வாலை மடித்தது. பிறகு மற்ற இரண்டும். மூன்றும் ஒரு மூலையில் நின்று நடுங்கத் தொடங்கின. ஒன்றரை வருசத்துக்கு முன்னர் என் கொட்டிலில் கண்ட அதே நடுக்கம். நாலு சந்ததியாய்க் கரிக்கிற தண்ணீரில் பிறந்து வளர்ந்தவற்றை ஒரே முழுக்கில் உப்பில்லாத மெல்லிய தண்ணீரில் போட்டால் வேறென்ன செய்யும்? நடுவர் ஒன்பதாவது மேசையில் நின்றார். நரைத்த தலை, கையில் சின்ன ரோச் லைட்.

"நடுங்குதுகள்," என்றார் பஸ்ரியன்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் நிக்கிறாய்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? 'எங்கட தண்ணி இஞ்ச சரிவராது.' அதுதான் வந்தது. பல்லுக்குள் வந்து நின்றது. நாற்பத்தாறு வருசமாய் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எரிந்து விழுந்த சொல்லை, இந்த மண்டபத்துக்குள் யாருமே சொல்லாதபோது, நானே சொல்லப் பார்த்தேன். ஊர்க்காரரும் சொல்லவில்லை, கபிலனும் சொல்லவில்லை. நான்! அப்போது வந்த கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"பஸ்ரியன்! கானைத் தூக்குங்கோ!"

இருபத்திரண்டு வருசத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் மனுசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், 'இஞ்சாருங்கோ' தான். அந்த மனுசன் துள்ளி எழும்பியதைப் பார்க்க வேண்டும்.

மூன்று மீனையும் கோப்பையால் அள்ளிப் பெட்டை இருந்த போத்திலுக்குள் விட்டேன். அதில் இருந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். பிறகு தொட்டித் தண்ணீரை அள்ளி வாளிக்குள் ஊற்றத் தொடங்கினேன். நிலமெல்லாம் சிந்தியது. பக்கத்து மேசைக்காரர் விலகினார்கள். கபிலன் ஓடிவந்தார்.

"அக்கா, இப்பவோ? நடுவர் கிட்ட வந்திட்டார்!"

"வரட்டும். நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், என்ர தண்ணி பாவிக்கலாமெண்டு."

"கை கழுவிற தண்ணியெண்டு சொன்னீங்கள்!"

"பொய் சொன்னனான். இது என்ர வீட்டுக் கிணத்துத் தண்ணி. இந்த மீன் பிறந்த தண்ணி."

பஸ்ரியன் வலை நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கானைச் சரித்தார். மஞ்சள் தண்ணீர் குபுகுபு என்று விழுந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

மீன்களைத் திரும்ப விட்ட நேரம் நடுவர் வந்துவிட்டார். மூன்றும் இன்னும் வாலை மடித்தபடிதான். அவர் ரோச் அடித்துப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதப் பேனையை எடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். கபிலன் சிங்களத்தில் சொன்னார். என்ன சொன்னாரோ தெரியாது, என் முகத்தைக் காட்டிச் சொன்னார். நடுவர் என்னைப் பார்த்தார், நிலத்தில் கிடந்த கானைப் பார்த்தார், மற்ற மேசைகளை முடித்துவிட்டு வருவதாய்க் கையைக் காட்டிப் போனார்.

அந்த அரை மணித்தியாலத்தில் நான் மடுமாதாவுக்கு எத்தனை மெழுகுதிரி நேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். பெட்டை இருந்த போத்திலைத் தொட்டியோடு ஒட்டி வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுக்கம் நின்றது. பிறகு ஒன்று மூலையை விட்டு வெளியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டையைக் கண்டது. வால் விரிந்தது. அட, அது என்ன விரிவு! கொசுவி வைத்திருந்த துணியை ஒரே உதறில் விரித்த மாதிரி. மற்ற இரண்டும் விடுமா? மூன்றும் பெட்டைக்கு முன்னால் வரிசையாய் நின்று, ஒரே நேரத்தில், ஒரே அளவில், விரித்து ஆடின. மஞ்சள் தண்ணீருக்குள் அந்தச் சிவப்பு எரிந்தது. பக்கத்து மேசைக்காரர் தங்கள் மீனை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

நடுவர் திரும்பி வந்தபோது கூட்டத்தை விலக்கித்தான் வரவேண்டியிருந்தது. ரோச் அடித்தார். குனிந்தார். மற்ற மேசைகளில் நின்றதை விட நீண்ட நேரம் நின்றார். பிறகு ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டு நாக்கில் வைத்தார். புருவம் ஏறியது.

"இது எந்த ஊர்த் தண்ணி அம்மா?" என்று தெரிந்த தமிழில் கேட்டார்.

"பேசாலை! மன்னார்த் தீவு! என்ர வீட்டுக் கிணறு!"

அவ்வளவு சத்தமாய்ச் சொல்லத் தேவையில்லைத்தான். ஆனால் சொன்னேன்.

பின்னேரம் பரிசு அறிவித்தார்கள். மூன்று ஆண் மீன் பிரிவு. மூன்றாம் இடம் கண்டிக்காரர் ஒருவர். இரண்டாம் இடம், வெள்ளவத்தை, கபிலன். ஒலிவாங்கியில் அறிவித்த பெட்டைப்பிள்ளை தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "முதலாம் இடம், அன்ரோனெற், பேசாலை, மன்னார்."

மன்னார் என்ற சொல் அந்த மண்டபத்தின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. பஸ்ரியன் இரண்டு விரலை வாயில் வைத்து, தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுகிற விசில் அடித்தார். குளிரூட்டிய மண்டபத்துக்குள்! எல்லாரும் காதைப் பொத்தினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"எஞ்சினுக்கு வேற கொட்டில் போடுறன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா வீட்ட போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடாத. வெக்கமாக் கிடக்கு," என்றார். முகத்தைப் பார்த்தால் வெட்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கபிலன் வந்து நின்றார். கையைப் பிசைந்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அந்தப் போத்தில்ல இருக்கிற பெட்டையையும் மிச்சமா நிக்கிற ஆணையும் எனக்குத் தாறீங்களோ? நாலு வருசமாய்ப் பாடுபடுறன், இந்த வால் எனக்கு வருகுதில்ல."

"என்ன தம்பி, இது உங்கட மீன்ர பரம்பரைதானே."

"இல்லையக்கா. என்னட்ட இருந்தது வேற. இது வேற." பிறகு தயங்கினார். "அந்தத் தண்ணியும் கொஞ்சம் வேணும். என்ர தண்ணியில விட்டா..."

ஒன்றரை வருசமாய் இந்த ஆளுக்குச் சொல்வதற்கு என்று நான் எத்தனை வசனங்களைத் தைத்து மடித்து வைத்திருந்தேன்! மெசினில் இருந்து தைக்கிறபோதெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் அப்போது தேவைப்படவில்லை. ஆனாலும் ஒன்றை விடமுடியவில்லை. நான் யார், அன்ரோனெற்.

"ஓம் தம்பி. கொழும்பில சரிவராது," என்றேன்.

கபிலன் ஒரு கணம் விழித்தார். பிறகு விளங்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தரம் அந்தச் சிரிப்பு என்னைச் சுடவில்லை.

"தண்ணி முடிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ," என்றேன். "அனுப்பிவிடுறன். எங்களிட்டக் கிணறு நிறையக் கிடக்கு."

அவர் ஒரு வெறும் போத்திலை நீட்டினார். அடியில் மிச்சத் தண்ணீர் கிடந்த கானைப் பஸ்ரியன் தூக்கப் போனார். நான் விடவில்லை. நானே தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து, நிலத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் வாய்வரைக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.